இறங்காதவனே கெட்டிக்காரன்

ஆலங்காயத்துக் கடைத்தெருவில் நின்றுகொண்டு மேலே ஒரு பார்வையும் கீழே ஒரு பார்வையும் செலுத்தினால், நமது தேசத்தின் இரண்டு பெரிய சொத்துக்கள் இருக்கும் திசைகள் தெரிந்துவிடும். மேலே, ஜவ்வாது மலையில், சுமார் 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986-ம் வருஷத்தில் அங்கே திறந்து வைக்கப்பட்ட 93 அங்குலத் தூரதிருஷ்டிக் கருவி நமது நிபுணர்களே திட்டமிட்டு நமது நாட்டிலேயே உருவாக்கியது. கீழே, பாலாற்றங்கரையில், வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. அங்கே பதனிட்ட தோலும் அங்கே தைத்த ஜோடுகளும் கடல் கடந்து போகின்றன. மேலே இருப்பவர்கள் நட்சத்திரங்களை நோக்குகிறார்கள். கீழே இருப்பவர்கள் மனிதனுடைய பாதங்களை நோக்குகிறார்கள். இரண்டும் தேசத்துக்கு வேண்டிய காரியங்களே.

இவ்விரண்டு இடங்களுக்கும் பொதுவான ஒரு கூட்டத்தார் உண்டு. காவலூரில் கும்மட்டம் சுழலாவிட்டால், வானசாஸ்திரி எவ்வளவு பெரிய மேதாவியாயிருந்தாலும் மூடிய கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாணியம்பாடியில் பம்பு ஓடாவிட்டால், பாய்லர் கொதிக்காவிட்டால், கழிவுநீர் போகும் வழி அடைத்துக்கொண்டால், முதலாளிக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்டர் மேஜைமேல் தூங்க வேண்டியதுதான். இவை நில்லாமல் நடக்கும்படி பார்த்துக்கொள்கிறவர்களையே இங்கே பராமரிப்புச் சிப்பந்திகள் என்று குறிப்பிடுகிறோம். எலெக்ட்ரீஷியன், பம்பு ஆபரேட்டர், பாய்லர்காரர், கழிவுநீர் நிலையத்து ஆபரேட்டர், தீயணைக்கும் கருவிகளைக் கவனிப்பவர், காவல்காரர், துப்புரவாளர் என்று இவர்களுடைய ஜாபிதா நீளமானது.

எல்லாம் ஒழுங்காக நடக்கும் வரையில் இவர்களை யாரும் நினைப்பதில்லை. ஏதாவது கெட்டுப்போனால்தான், "எங்கே அந்த ஆள்?" என்ற கூச்சல் எழுகிறது. அந்த ஆள் தம்முடைய வேலையை எங்கே கற்றார், யார் கற்பித்தார், கற்றது சரிதானா என்று எவர் பரிசோதித்தார் என்ற கேள்விகளை அப்போதும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விகளைத்தான் நாம் இந்தக் கட்டுரையில் கேட்கப் போகிறோம். அவை வெறும் படிப்பைப் பற்றிய கேள்விகள் அல்ல. உயிரைப் பற்றிய கேள்விகள் என்பதை நேயர்கள் சீக்கிரத்திலேயே அறிவார்கள்.

கற்றுக்கொள்ளும் விதம்

ஆலங்காயம் முன்பு வட ஆற்காட்டையும் பிறகு வேலூரையும் சேர்ந்திருந்தது. 2019-ம் வருஷம் முதல் திருப்பத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இவ்வூரிலிருந்தும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்தும் வேலை தேடிக் கீழே இறங்கும் ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்வோம். பத்தாவது வகுப்பு வரையில் படித்தவன். கைச் சுறுசுறுப்பு உள்ளவன். தோல் ஷாப்பில் அவனை முதலில் எடுபிடி ஆளாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். "அண்ணன் செய்வதைப் பார்த்துக்கொள்" என்கிறார் மேஸ்திரி. அவனும் பார்க்கிறான். ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறான், வால்வைத் திருப்புகிறான். ஒரு நாள் அண்ணன் வரவில்லை. அன்று முதல் பையனே அண்ணன் ஆகிவிடுகிறான்!

இந்த முறையை நாம் ஒரேயடியாகக் குறை கூறவில்லை. தச்சரும் கொல்லரும் சிற்பியும் நாதஸ்வர வித்வானும் நமது நாட்டில் இவ்விதம் குருவின் பக்கத்தில் இருந்துதான் வித்தை கற்றார்கள். கையால் செய்யும் காரியத்தைக் கையால் செய்துதான் கற்க வேண்டும். ஆனால் பழைய குருகுலத்தில் குருவுக்குத் தம் வித்தை பூரணமாகத் தெரிந்திருந்தது. சிஷ்யனை எப்போது தனியாக விடலாம் என்பதும் தெரிந்திருந்தது. இன்றைய மேஸ்திரியோ தாமும் இன்னொருவரைப் பார்த்துத்தான் கற்றவர். ஆகவே, அவருடைய சாமர்த்தியத்துடன் அவருடைய தப்பும் சேர்ந்தே அடுத்தவனுக்குப் போய்விடுகிறது. பம்பு விஷயத்தில் தப்பு நேர்ந்தால் மோட்டார் கருகிப் போகும். கழிவுநீர்க் குழி விஷயத்தில் தப்பு நேர்ந்தால் மனிதன் திரும்பி வரமாட்டான்.

குழிக்குள் இருப்பது என்ன?

தோலிலிருந்து மயிரைப் போக்குவதற்குச் சுண்ணாம்புடன் ஸோடியம் ஸல்பைடு என்னும் உப்பையும் உபயோகிக்கிறார்கள். பிறகு, குரோம் முறையில் பதனிடுவதற்கு முன்னால், தோலை அமிலத்தில் ஊற வைக்கிறார்கள். இவ்விரண்டு வேலைகளும் தனித்தனியே நடக்கும் வரையில் பெரிய ஆபத்து இல்லை. ஸல்பைடு கலந்த நீரும் அமிலம் கலந்த நீரும் ஒரே கால்வாயில் சேர்ந்தால், ஹைட்ரஜன் ஸல்பைடு என்னும் விஷவாயு கிளம்புகிறது. இது காற்றைவிடக் கனமானது. ஆகையால் மேலே பறந்து போய்விடாமல், கிணற்றில் நீர் தங்குவது போலக் குழியின் அடியில் தங்குகிறது. பல நாள் மூடிக் கிடக்கும் சேற்றிலும் இது தானே உண்டாகும்.

இந்த வாயுவுக்கு அழுகிய முட்டையின் நாற்றம் உண்டு. "நாற்றம் அடித்தால் தெரிந்துவிடுமே!" என்று நேயர்கள் சொல்லலாம். அங்கேதான் இதன் வஞ்சகம் இருக்கிறது. காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 100 பங்கு அளவுக்கு இது சேர்ந்துவிட்டால், மூக்கின் உணர்ச்சியே மரத்துப் போகிறது. நாற்றம் போய்விட்டது, ஆபத்தும் போய்விட்டது என்று எண்ணி மனிதன் மேலும் ஒரு படி இறங்குகிறான். 500 பங்குக்கு மேல் போனால் சில நிமிஷங்களில் மயங்கி விழுவான். 1,000 பங்கை எட்டினால், ஓரிரு மூச்சிலேயே எல்லாம் முடிந்துவிடக் கூடும்.

விஷவாயு இல்லாத குழியும் கொல்லும். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு இருக்கிறது. 19½ பங்குக்குக் குறைந்தால் அந்த இடம் மனிதன் நுழையத் தக்கதல்ல என்பது தொழிற் பாதுகாப்பின் விதி. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்க்கிறோம். துண்டு விஷவாயுவையும் தடுக்காது. இல்லாத பிராணவாயுவையும் கொடுக்காது.

இந்த வட்டாரத்தில் தொட்டி சுத்தம் செய்ய இறங்கியவர்கள் உயிரிழந்த செய்தி புதியதல்ல. அத்தகைய செய்திகளில் நெஞ்சைப் பிளக்கும் ஓர் அம்சம் உண்டு. முதலில் ஒருவர் இறங்கி மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குகிறார். பின்னால் இறங்கியவர்களைக் கொன்றது அவர்களுடைய நல்ல மனந்தான். "தோழன் விழுந்தால் நீ இறங்காதே, கயிற்றால் இழு, ஆளைக் கூப்பிடு" என்ற ஒரு வாக்கியத்தை யாராவது அவர்களுக்கு முன்கூட்டியே கற்பித்து, பத்துத் தடவை ஒத்திகை பார்க்கச் செய்திருந்தால்! இறங்குகிறவனைத் தைரியசாலி என்று நாம் கொண்டாடுகிறோம். உண்மையில், எப்போது இறங்கக் கூடாது என்று அறிந்தவனே கெட்டிக்காரன்.

நிலையம் வந்தது, ஆள் வந்தாரா?

பாலாற்றைத் தோல் ஷாப்புகளின் கழிவுநீர் பாழ்படுத்திய கதை எல்லோரும் அறிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு தேசம் முழுவதும் புகழ் பெற்றது. மாசு செய்தவனே ஈடு கொடுக்க வேண்டும், தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்னும் இரண்டு கோட்பாடுகளும் நமது நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அது ஸ்தாபித்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை முதலிய இடங்களில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் நடந்துவருகின்றன. 2025-ம் வருஷம் ஜனவரி மாதத்திலும் பாலாற்று மாசைப் பற்றி அதே கோர்ட்டு மற்றொரு தீர்ப்புக் கூற வேண்டியிருந்தது.

சுத்திகரிப்பு நிலையம் என்பது ஒரு கட்டிடம் மட்டும் அல்ல; அது இரவும் பகலும் உயிரோடு இருக்க வேண்டிய பிராணியைப் போன்றது. அங்கே காற்றைச் செலுத்தும் யந்திரம் நின்றால், அழுக்கைத் தின்று நீரைத் தெளிய வைக்கும் கிருமிகள் மடியும். சவ்வு வடிகட்டிகளைக் கழுவாவிட்டால் அடைத்துக்கொள்ளும். சேற்றை உரிய காலத்தில் அகற்றாவிட்டால் அது மலைபோல் குவியும். கோடிக்கணக்கில் செலவு செய்து நிலையத்தைக் கட்டினோம். அதைக் காக்கும் ஆளைத் தயார் செய்தோமா?

2015-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதி, பொழுது விடியுமுன், ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் பொது நிலையமொன்றின் கழிவுச் சேறு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு வெள்ளமாகப் பாய்ந்து பக்கத்துத் தோல் ஷாப்புக்குள் புகுந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் 10 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பது நமது வேலையன்று. பொதுவாக ஒன்று சொல்வோம். சேற்றின் மட்டத்தையும் சுவரின் வெடிப்பையும் தினந்தோறும் பார்த்துக் குறித்து வைக்கவும், எல்லை மீறினால், "இனி ஒரு வாளி கூட விடமாட்டேன்" என்று சொல்லவும் பயிற்சியும் அதிகாரமும் பெற்ற ஒரு சிப்பந்தி ஒவ்வொரு தொட்டிக்கும் வேண்டும். அவருக்குக் கொடுக்கும் சம்பளம் ஒரு மனித உயிரைவிட அதிகமாயிராது.

பாய்லருக்கு ஒரு நீதி

"பராமரிப்பு வேலைக்கெல்லாமா பரீக்ஷை?" என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் இது நமக்குப் புதிய விஷயம் அல்ல. பாய்லர் வெடித்து ஜனங்கள் மாண்டதைக் கண்ட பிறகு, 1923-ம் வருஷத்திலேயே பாய்லர் சட்டம் செய்தார்கள். தகுதிச் சான்று பெற்றவரின் பொறுப்பில்தான் பாய்லர் இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு. அந்தச் சான்று பெற வேண்டுமானால், பாய்லரின் அருகில் நின்று வேலை பழகியிருக்க வேண்டும். பிறகு பரீக்ஷகர் முன் பதில் சொல்ல வேண்டும். 2025-ம் வருஷத்தில் பழைய சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்தது. பாய்லரைக் கண்டவர் கையில் விடலாகாது என்ற கொள்கை மட்டும் நூறு வருஷமாக நிலைத்திருக்கிறது. மின்சாரக் கம்பி இழுப்பவருக்கும் லைசென்ஸ் உண்டு.

பாய்லருக்கு உள்ள நீதி கழிவுநீர்க் குழிக்கு ஏன் இருக்கக் கூடாது? பாய்லர் வெடித்தால் முதலாளியின் கட்டிடமும் போய்விடும். குழியிலோ ஏழை ஒருவன்தான் போகிறான். காரணம் இதுதானோ என்று எண்ண வேண்டியிருக்கிறது.

எது தேர்ச்சி?

தேர்ச்சியை அடிப்படையாகக் கொண்ட பயிற்சி என்று இப்போது உலகமெங்கும் பேசுகிறார்கள். அதன் கருத்து எளியது. எத்தனை மாதம் வகுப்பில் உட்கார்ந்தாய் என்று கேட்பதில்லை. உன்னால் என்ன செய்ய முடியும், செய்து காட்டு என்று கேட்கிறார்கள். நீச்சலைப் பற்றி நூறு பக்கம் எழுதியவனுக்கு நீச்சல் சான்று கொடுப்போமா? குளத்தைக் கடந்து காட்டினால் அல்லவா கொடுப்போம்?

கழிவுநீர் நிலையத்தில் பழகும் பையனுக்கு இந்த முறையில் எப்படிப் பயிற்சி தரலாம் என்று பார்ப்போம். முதல் படியில், மோட்டாரைப் பழுது பார்க்குமுன் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் படியில், வாயு அளக்கும் கருவியைக் குழியின் மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் மூன்றிலும் இறக்கி, முதலில் பிராணவாயுவையும், பிறகு தீப்பற்றும் வாயுவையும், பிறகு விஷவாயுவையும் அளந்து எழுத வேண்டும். மூன்றாம் படியில், ஊதுயந்திரத்தால் குழிக்குக் காற்றூட்டி, மறுபடியும் அளக்க வேண்டும். நான்காம் படியில், இடுப்பு வாரும் கயிறும் முக்காலியும் பூட்டி, மேலே நிற்பவன் தான் இறங்காமலே கீழே இருப்பவனைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

ஐந்தாம் படிதான் மிகவும் கடினம். மேஸ்திரி வேண்டுமென்றே, "நேரமாகிறது, இறங்கடா!" என்று அதட்டுவார். கருவி ஆபத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். பையன், "இறங்கமாட்டேன், ஐயா!" என்று மரியாதையாகவும் உறுதியாகவும் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பரீக்ஷையில் தேறினவனுக்கே சான்று கொடுக்க வேண்டும். இயன்றவரையில் குழிக்குள் ஆளை இறக்காமல் யந்திரத்தைக் கொண்டே வேலையை முடிக்க வேண்டும் என்பதும் பாடத்தின் முதல் வரியாய் இருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது

1961-ம் வருஷத்துப் பழகுநர் சட்டம் நம்மிடம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் ஸ்தாபனங்கள் தங்கள் ஆட்தொகையில் நூற்றுக்கு 2½ முதல் 15 வரையில் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்று அதன் விதிகள் 2019-ம் வருஷத்தில் திருத்தப்பட்டன. 2016-ம் வருஷத்தில் தொடங்கிய திட்டத்தில், பழகுநருக்குக் கொடுக்கும் உதவித் தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய சர்க்கார் ஏற்க வகை செய்யப்பட்டது. பள்ளிக்கூடம் போகாமல் அனுபவத்தாலேயே தொழில் கற்றவர்களைப் பரிசோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடும் 2015-ம் வருஷம் முதல் நடைமுறைக்கு வந்தது. தலை நரைத்த பம்புக்காரருக்கு இது பேருதவி.

ஜெர்மனியில் கழிவுநீர் நிலையத்தை நடத்துவது தச்சுவேலை, மின்வேலை போலவே அங்கீகாரம் பெற்ற ஒரு தொழில். அதைக் கற்க மூன்று வருஷம் பழகுநராக இருக்க வேண்டும். நிலையத்திலும் பழக வேண்டும், பள்ளியிலும் படிக்க வேண்டும். நாமும் தொழிற்கல்வியில் பின்தங்கியவர்கள் அல்ல. தோல் தொழிலைக் கற்பிக்கச் சென்னையில் 1915-ம் வருஷத்திலேயே பள்ளி ஏற்பட்டது. நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷமே, 1948-ல், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரம் இட்டோம். தோலைப் பதனிடுபவருக்கு அன்றே கல்வி கொடுத்தோம். அவர் விட்ட நீரைச் சுத்தம் செய்பவருக்கு இன்னும் அதே சிரத்தையுடன் கொடுக்கவில்லை.

சட்டமும் திட்டமும் இருந்தும் காரியம் நடவாததற்கு முக்கியமான தடை ஒன்று உண்டு. பராமரிப்பு வேலையைப் பெரும்பாலும் காண்டிராக்டரிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். காண்டிராக்டு ஒரு வருஷத்தில் முடியலாம். பயிற்சிக்குச் செலவழிக்க அவர் ஏன் முன்வருவார்? "எங்கள் ஆள் அல்லவே" என்கிறார் முதலாளி. நடுவே நிற்பவன் யாருடைய ஆளும் அல்லாதவனாகிவிடுகிறான். இதற்குப் பரிகாரம், ஒரே ஊரில் உள்ள தோல் ஷாப்புகள் சேர்ந்து ஒரு பொதுப் பயிற்சிக் களம் அமைப்பதுதான். கழிவுநீருக்குப் பொது நிலையம் வைத்தவர்களுக்குப் பயிற்சிக்குப் பொதுக்களம் வைப்பது அசாத்தியமா? காண்டிராக்டர் மாறினாலும் சான்று அந்தத் தொழிலாளியுடனேயே இருக்கும். "கற்ற பின் வேறிடம் போய்விடுவானே" என்று அஞ்சுபவர்களுக்கு நாம் ஒன்று சொல்வோம்: கற்றவன் போவதைக் காட்டிலும், கல்லாதவன் தங்குவது அபாயம்.

பழகுநர் என்ற பெயரில் மலிவான கூலியாளைச் சேர்த்து, வருஷம் முழுவதும் தரை கூட்டச் சொல்லும் இடங்களும் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பழகுநருக்கும் ஒரு கையேடு வேண்டும். எந்தப் படியை எந்தத் தேதியில் செய்து காட்டினான், யார் முன்னிலையில் என்று அதில் கையெழுத்து இருக்க வேண்டும்.

பிறப்பா, பயிற்சியா?

இந்த விஷயத்தில் நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மையும் ஒன்று உண்டு. குழியையும் கழிவையும் சுத்தம் செய்யும் வேலையை நாம் ஒரு தொழிலாகவே எண்ணியதில்லை; சில ஜாதியாரின் தலையெழுத்தாக எண்ணினோம். தலையெழுத்துக்குப் பயிற்சி எதற்கு? 1901-ம் வருஷம் கல்கத்தாக் காங்கிரஸில் மகாத்மா காந்தி தாமே விளக்குமாற்றை எடுத்துக் கழிப்பிடத்தைச் சுத்தம் செய்தபோது, இந்த எண்ணத்தின் வேரில்தான் கைவைத்தார். தென்னாப்பிரிக்காவில் அவர் செருப்புத் தைக்கவும் கற்றார். 1937-ம் வருஷத்தில் வார்தாவில் அவர் வகுத்த கல்வியின் சாரமும், கையின் வேலை மூலமாகவே அறிவு வளர வேண்டும் என்பதுதான்.

மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதையும், பாதுகாப்பின்றிச் சாக்கடையில் இறக்குவதையும் 2013-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் மாண்டவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2023-ம் வருஷம் அக்டோபர் மாதம் சுப்ரீம் கோர்ட்டு கட்டளையிட்டது. ஈடு வேண்டியதுதான், ஆனால் அது பிரேதத்துக்குப் பின்னால் வருவது. முன்னால் வர வேண்டியது பயிற்சி. ஒரு வேலைக்குப் பாடமும் பரீக்ஷையும் சான்றும் நல்ல சம்பளமும் ஏற்படும்போது, அது ஜாதியின் சுமையாக இராமல் தொழிலாகிறது. எந்த வீட்டுப் பிள்ளையும் அதற்கு வரலாம், பெண்களும் வரலாம். பம்பின் அளவைப் பார்த்து எழுதவும், வாயுக் கருவியைக் கையாளவும், நீரைப் பரிசோதிக்கவும் மீசை எதற்கு?

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இது தோல் ஊர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று பட்டணத்து நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் வீட்டுக் கழிவுத் தொட்டியிலும் அதே வாயுதான் இருக்கிறது. தொட்டி நிரம்பினால், "இருநூறு ரூபாய் கூடத் தருகிறேன், இறங்கி வாரிவிடு" என்று சொல்கிறவர்கள் நம்மில் இல்லையா? இனி அப்படிச் சொல்லாதிருப்போம். உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும்; ஆளை இறக்கலாகாது. அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்கள், தங்கள் பம்பையும் லிப்டையும் சுத்திகரிப்புத் தொட்டியையும் பார்த்துக்கொள்பவர் என்ன பயிற்சி பெற்றார் என்று சங்கக் கூட்டத்தில் ஒரு முறை கேட்கட்டும்.

ஆலங்காயத்துத் தாய் தந்தையரும், மகனையோ மகளையோ வேலைக்கு அனுப்புமுன், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். என்ன கற்றுக்கொடுப்பீர்கள்? கற்றதற்கு என்ன சான்று தருவீர்கள்? ஆபத்தைக் கண்டு என் பிள்ளை வேலையை நிறுத்தினால் அவனை என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்கு, "கைகொடுத்துப் பாராட்டுவோம்" என்ற பதில் வரும் இடந்தான் பிள்ளையை அனுப்பத் தக்க இடம்.

காவலூரில் இரவு முழுவதும் கும்மட்டம் சுழல்கிறது. வாணியம்பாடியில் இரவு முழுவதும் பம்பு ஓடுகிறது. காலையில் வேலை முடிந்து, ஆலங்காயம் பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு திரும்பும் மகனுக்காக ஒரு தாய் வாசலில் காத்திருக்கிறாள். அவன் தினமும் தவறாமல் வந்து இறங்கும்படி செய்வதே நாம் கோரும் பயிற்சியின் முதற் பயன்.